ஐஸ் வந்தால் எழுந்திருங்கள்: ஜாவா கல்யாணக் கேள்வி பதில்

போன இதழில் போகிறபோக்கில் ஜாவா கல்யாணம் ஒன்றைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் இருக்கும் சோலோ நகரத்தில் நாலு வருஷம் குடியிருந்தவன், அந்தப் பழக்கத்தில் எழுதியது. வந்த கடிதங்களைப் பார்த்தால் இந்தத் தடவை பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. பெயர்களை விட்டுவிட்டுக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என்னோடு வேலை பார்க்கும் பெண்ணுக்குச் சோலோவில் கல்யாணம். பத்திரிகையில் பகல் 11 மணி முதல் 1 மணி வரை என்று போட்டிருக்கிறது. பன்னிரண்டரைக்குப் போனால் சாப்பாட்டுக்குச் சரியாக இருக்குமா?

இருக்காது, பட்டினியாகத் திரும்புவீர்கள். நான் திரும்பியிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

சோலோப் பக்கம் கல்யாண விருந்துக்கு 'பிரிங் தெர்பாங்' என்று பெயர், அதாவது பறக்கும் தட்டு. மண்டபத்தில் சாப்பாட்டு மேஜையே இருக்காது, மேடையைப் பார்த்து வரிசை வரிசையாக நாற்காலி. சினோமான் என்கிற பரிமாறும் பையன்கள் தட்டுகள் அடுக்கிய தாம்பாளத்தைத் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்து வரிசையின் ஓரத்தில் நிற்பார்கள். ஓரத்தில் இருப்பவர் ஒரு தட்டை வாங்கிப் பக்கத்து ஆளிடம் கொடுக்க, அவர் அதற்கடுத்த ஆளிடம் கொடுக்க, அப்படியே கடைசி நாற்காலி வரை போய், பிறகு இரண்டாவது தட்டு, மூன்றாவது தட்டு என்று வந்து, ஓரத்தில் இருந்தவர் கடைசியாகத்தான் தனக்கு எடுத்துக்கொள்வார். முதல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்த ஒரே ஆள் நான்தான், அதுவும் முதல் கல்யாணத்தில். பக்கத்தில் இருந்த பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, என்னைத் தாண்டிக் கையை நீட்டி அடுத்த தட்டை வாங்கி அனுப்பினார்.

வருகிற வரிசைக்கும் ஒரு பெயர் உண்டு: உஸ்டெக். உஞ்சுகான் என்றால் குடிக்கிற பானம், பெரும்பாலும் சூடான இனிப்புத் தேநீர். அப்புறம் ஸ்நாக். அப்புறம் தஹாரான், சாப்பாடு. அப்புறம் எஸ், அதாவது ஐஸ். கடைசியாகக் கொண்டுர், வீட்டுக்குப் போவது. அந்தக் கடைசிச் சொல் மிகுந்த மரியாதைச் சொல், நாம் பெரியவர்களைப் பார்த்து 'எழுந்தருள வேண்டும்' என்போமே அந்த ரகம். ஐந்தின் முதல் எழுத்துகளையும் சேர்த்தால் உஸ்டெக். இதில் ஒரு குறும்பும் இருக்கிறது. 1959இல் அதிபர் சுகர்ணோ அறிவித்த அரசியல் கொள்கையின் சுருக்கப் பெயரும் இதேதான்: 1945 அரசியல் சட்டம், இந்தோனேசிய சோஷலிசம், வழிநடத்தப்பட்ட ஜனநாயகம், வழிநடத்தப்பட்ட பொருளாதாரம், இந்தோனேசிய ஆளுமை. அவ்வளவு கனமான ஒன்றைத் தூக்கிக்கொண்டுபோய்த் தேநீருக்கும் ஐஸுக்கும் ஒட்டிவிட்டார்கள் சோலோக்காரர்கள்.

ஸ்நாக் தட்டில் அநேகமாக 'சோசிஸ் சோலோ' இருக்கும். பெயர்தான் சாசேஜ், உள்ளே போனால் மெல்லிய முட்டை தோசையில் இறைச்சிப் பூரணம் வைத்துச் சுருட்டியது. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சூப் வரும், அதில் 'சூப் மத்தஹாரி' என்று ஒன்று, சூரிய சூப். முட்டை அடைக்குள் கறியும் காய்கறியும் பொதிந்து மேலே கீறி இதழ் இதழாக விரித்திருப்பார்கள், கொதிக்கிற சூப்பை ஊற்றினால் கிண்ணத்தில் சூரியகாந்திப் பூ. சாப்பாட்டுத் தட்டு சின்னதுதான். சோறு, காரமாக வதக்கிய உருளைக்கிழங்கும் ஈரலும், ஒரு துண்டு இறைச்சி, கொஞ்சம் ஊறுகாய்க் காய், மேலே ஒரு அப்பளம். இரண்டாம் முறை கேட்கிற வழக்கம் கிடையாது.

விஷயம் என்னவென்றால் இதெல்லாம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும், தவறவிட்டதைத் திரும்பக் கொண்டுவர மாட்டார்கள். பன்னிரண்டரைக்குப் போனால் தேங்காய்ப்பால் ஐஸ் ஒரு கிண்ணம் கையில் கிடைக்கும், உட்காருவதற்குள் மற்றவர்கள் எழுந்து வாசலில் நிற்கும் பெண் மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கப் போய்க்கொண்டிருப்பார்கள். பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் முன்பே போய்விடுங்கள், நடு வரிசையில் உட்காருங்கள்.

கேள்வி: யோக்யகார்த்தாவிலும் இதே முறைதானா?

மண்டபக் கல்யாணம் என்றால் அங்கே பெரும்பாலும் பஃபே, நின்றுகொண்டு சாப்பிடுவது. சடங்குகளிலும் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு. 1755இல் கியாந்தி ஒப்பந்தத்தில் மதராம் அரசு இரண்டாகப் பிரிந்து யோக்யாவுக்கு ஒரு அரண்மனை, சோலோவுக்கு ஒரு அரண்மனை என்று ஆனபிறகு, மணப்பெண் நெற்றியில் தீட்டும் கறுப்புக் கோலம் முதல் எல்லாவற்றிலும் இரண்டு ஊரும் தனித்தனிப் பாணி வைத்துக்கொண்டன. எது உசத்தி என்று அங்கே போய்க் கேட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இந்தோனேசிய அதிபரும் மனைவியும் மகள் கல்யாணத்தில் ஏதோ பானம் விற்பதுபோல் ஒரு பழைய வீடியோ பார்த்தேன். வாங்குபவர்கள் காசுக்குப் பதிலாக உடைந்த மண் ஓட்டுச் சில்லைக் கொடுக்கிறார்கள். இது என்ன விளையாட்டு?

2017 நவம்பரில் சோலோவில் நடந்த கல்யாணமாக இருக்கும். அப்போது அதிபராக இருந்த ஜோக்கோ விடோடோவின் மகளுடையது. அந்தச் சடங்கின் பெயர் 'தொதோல் தாவெத்'. இலங்கை வாசகர்கள் தொதல் என்றதும் அல்வா மாதிரி இனிப்பை நினைத்துக்கொள்ள வேண்டாம், ஜாவா மொழியில் தொதோல் என்றால் விற்பது. தாவெத் என்பது பச்சை நிறத்தில் அரிசிமாவு மணிகள், தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு. நம்மில் பலருக்கு செண்டோல் என்றால் சட்டென்று புரியும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் 'சிராமான்' என்று பெண்ணுக்கு நீராட்டு. ஏழு இடத்துத் தண்ணீரைக் கலந்து, ரோஜா, மல்லிகை எல்லாம் மிதக்கவிட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவராக ஊற்றுவார்கள். அது முடிந்ததும் பெண்ணின் அம்மா பானைக்குப் பின்னால் உட்கார்ந்து தாவெத்தை மொண்டு கொடுப்பார், அப்பா குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று காசு வாங்குவார். காசு என்பதுதான் அந்த ஓட்டுச் சில்லு, கிரெவெங். வாழ்க்கைக்கு வேண்டியதெல்லாம் மண்ணிலிருந்துதான் வருகிறது என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். பானையில் மணிகள் நெருக்கியடிப்பதுபோல நாளைக்கு ஜனங்கள் நெருக்கியடிக்க வேண்டும் என்பது இன்னொரு வேண்டுதல். கூட்டத்தில் ஒருவர் பேரம் பேசுவார், இன்னொருவர் சில்லறை இல்லை என்பார், ஒரே சிரிப்பாக இருக்கும்.

சிரிப்பு அடங்கினதும் வருவதைத்தான் நான் மறக்கவில்லை. தும்பெங் என்கிற கூம்புச் சோற்றைச் சுற்றிக் காய்கறி செருகி வைத்திருப்பார்கள். பெண்ணை உட்காரவைத்து அம்மாவும் அப்பாவும் அந்தச் சோற்றில் ஒரு வாய் எடுத்து ஊட்டுவார்கள். 'துலாங்கான் புங்காசான்', கடைசி ஊட்டல். நான் பார்த்த வீட்டில் அப்பா ஒரு பஸ் டிரைவர், தடித்த கை. கூம்பின் பக்கவாட்டில் கொஞ்சம் சோறு கிள்ளி, ஒரு துண்டு கோழி வைத்து, வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தி, பழக்க தோஷத்தில் ஊதினார். சோறு ஆறி வெகு நேரமாகியிருந்தது. அந்த ஊதலில் அறையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் முந்தானையைத் தேடினார்கள்.

மறுநாள் மணமேடையில் அதே பெண்ணுக்கு மாப்பிள்ளை ஊட்டுவான்.

கேள்வி: கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி மாப்பிள்ளைக்குச் சாப்பாடு போட மாட்டார்களாமே? மாமியார் வீட்டில் முதல் நாளே பட்டினியா?

பட்டினிதான், ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். அந்த ராத்திரிக்கு மிடோடரேனி என்று பெயர். மாப்பிள்ளை தன் ஆட்களோடு வந்து தலையைக் காட்ட வேண்டும், ஆனால் பெண்ணைப் பார்க்க முடியாது, அவள் உள்ளறையில் இருப்பாள். மாப்பிள்ளைக்குக் கொடுப்பது ஒரு தம்ளர் தண்ணீர் மட்டும். கூட வந்தவர்கள் கண்ணெதிரே சாப்பிட்டுக்கொண்டிருக்க அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பான், பொறுமை இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். நள்ளிரவு தாண்டித்தான் தேங்காய்ப்பாலில் வெந்த சோறும் 'இங்குங்' கோழியும். இங்குங் என்பது முழு நாட்டுக்கோழியைக் குனிந்து வணங்குகிற மாதிரி கட்டிவைத்துத் தேங்காய்ப்பால் மசாலாவில் நிதானமாக வேகவிடுவது.

மிடோடரேனியில் இருக்கிற 'விடோடரி' வேறொன்றும் இல்லை, நம் வித்யாதரிதான், தேவலோகத்துப் பெண். இதற்குப் பின்னால் ஒரு கதை, அதுவும் சோற்றுக் கதை. ஜாகா தாரூப் என்பவன் குளிக்க வந்த தேவகன்னிகளில் ஒருத்தியின் சால்வையை ஒளித்துவைத்து, பறக்க முடியாமல் நின்றவளைக் கட்டிக்கொள்கிறான். அவள் பெயர் நவாங்வுலான். ஒரே ஒரு நெற்கதிரைப் பானையில் போட்டு வீட்டுக்கே சோறாக்குவாள், ஒரே நிபந்தனை, மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது. புருஷன் சும்மா இருப்பானா, திறந்து பார்த்தான். அன்றோடு வரம் போய்விட, அவளும் மற்ற பெண்களைப்போல நெல் குத்தி வடித்துக்கொட்ட வேண்டியதாயிற்று. குதிரில் நெல் குறைந்துகொண்டே வந்து, அடியில் கிடந்த சால்வை ஒருநாள் கைக்குத் தட்டுப்பட, எடுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள். போகும்போது, மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாளாம். அவள் வருகிற ராத்திரிதான் மிடோடரேனி. மூடியைத் திறந்தவனின் ஞாபகமாகத்தான் மாப்பிள்ளைகளை அன்றைக்குப் பட்டினி போடுகிறார்களோ என்பது என் சொந்த ஊகம், எந்தப் பெரியவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

கேள்வி: மாப்பிள்ளை முட்டையை மிதித்து உடைக்க, பெண் உட்கார்ந்து அவன் காலைக் கழுவுகிறாள். இந்தக் காலத்தில் இது தேவையா?

உங்கள் கோபம் நியாயம்தான், அங்கேயும் சில பெண்கள் இதே கேள்வியைக் கேட்டு அந்தச் சடங்கை விட்டுவிடுகிறார்கள். ஆனால் அதை மட்டும் தனியே வெட்டி எடுத்துப் பார்த்தால் படம் கோணலாகத் தெரியும். 'பங்கி' என்கிற சந்திப்புச் சடங்கில் வரிசையாக என்ன நடக்கிறது பாருங்கள். முதலில் இருவரும் நூல் சுற்றிய வெற்றிலைச் சுருளை ஒருவர் மேல் ஒருவர் எறிவார்கள், யார் முந்துகிறார்கள் என்று கூட்டம் ஆர்ப்பரிக்கும். அப்புறம் முட்டை. அப்புறம் பெண்ணின் அப்பா இருவரையும் தன் இரண்டு தொடையில் உட்காரவைத்துக்கொள்ள, அம்மா எதிரே நின்று யார் கனம் என்று கேட்பார். இரண்டும் ஒரே கனம் என்று அப்பா சொல்லியாக வேண்டும், மாப்பிள்ளை நூறு கிலோ இருந்தாலும்.

அதற்கப்புறம் கச்சர் குச்சுர். மாப்பிள்ளை சின்னக் கோரைப்பாயில் அரிசி, மஞ்சள் அரிசி, சோயா, கடலை, சில்லறைக் காசு எல்லாம் கலந்து வைத்திருப்பதைப் பெண்ணின் மடியில் விரித்த துணியில் கொட்டுவான். ஒரு மணிகூடச் சிந்தக் கூடாது. சம்பாதித்ததை முழுசாகக் கொடு என்பது அவனுக்கு, சிந்தாமல் பிடி என்பது அவளுக்கு. பாதியைச் சட்டைப்பையில் ஒதுக்கிவைத்திருக்கிறான் என்று பின்னாலிருந்து ஒரு அத்தை கத்துவது எல்லாக் கல்யாணத்திலும் நடக்கும்.

பிறகு தஹார் க்ளிமா. மஞ்சள் சோற்றை மாப்பிள்ளை மூன்று கவளமாகப் பிடித்துக் கொடுக்க அவள் சாப்பிடுவாள். கூடத் தொட்டுக்கொள்ள முட்டை, தெம்பே என்கிற புளிக்கவைத்த சோயாக் கட்டி, கோழி ஈரல். நான் பார்த்த ஒருவன் மூன்றாவது கவளத்தை உடையாமல் பிடிக்கத் தெரியாமல் திண்டாட, பெண் அவன் கையைத் தன் கையால் மூடி அழுத்திக் காட்டினாள். முட்டையில் வந்த கோபம் எனக்கு அந்த இடத்தில் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதி இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வீட்டில் முதல் கல்யாணம் என்றால் இளநீரில் வழுக்கையைச் சீவிப்போட்டு வெல்லம் கலந்த 'ருஜாக் தெகான்' குடிப்பதும் உண்டு. அப்பா ஒரு மிடறு குடித்ததும் எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்க, குளுகுளுவென்று இருக்கிறது என்பார். ஒரு பொறுப்பு இறங்கிய மனுஷனுக்கு எது கொடுத்தாலும் குளுகுளுவென்றுதான் இருக்கும்.

கேள்வி: நாங்கள் சைவம். அங்கே என்ன சாப்பிடுவது?

வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவது உத்தமம். அப்பளம் என்று எடுத்தால் இறால் அப்பளமாக இருக்கும். காரக் குழம்பில் ஊறிய அப்பளம் மாதிரி மிதப்பது கிரெச்செக், மாட்டுத்தோல். தேங்காய்த்துருவல் போட்ட காய்கறியில்கூட தெராசி இருக்கலாம், அது இறாலைப் புளிக்கவைத்த விழுது, மலேசியாவில் பெலாச்சான் என்பார்கள். லெம்பெர் என்று இலையில் சுற்றிய ஒட்டரிசிச் சோறு வந்தால் உள்ளே கோழி. பயமில்லாமல் தின்னக்கூடியவை ஜாடாவும் வாஜிக்கும். ஒன்று தேங்காய் சேர்த்து இடித்த ஒட்டரிசி, இன்னொன்று அதையே வெல்லப்பாகில் கிளறி வில்லை போட்டது. பெண் மாப்பிள்ளை ஒட்டிக்கொண்டு வாழ வேண்டும் என்று சீர்த்தட்டிலேயே இவை வந்துவிடும்.

'டாகிங்', அதாவது இறைச்சி, சாப்பிட மாட்டேன் என்று மட்டும் சொன்னால் கோழியைக் கொண்டுவந்து வைப்பார்கள். டாகிங், ஆயாம் (கோழி), ஈக்கான் (மீன்) மூன்றையும் சொல்ல வேண்டும். ஜாவா மொழியில் மீனுக்குச் சொல்லும் 'இவாக்' என்பதைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் எதற்கும் சொல்வார்கள், 'இவாக் தெம்பே' என்றுகூட உண்டு. அதனால் குழப்பம் இரு பக்கமும் நடக்கும்.

கேள்வி: ஜாவாவில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், ஆனால் கல்யாணத்தில் குருத்தோலை, வாழை, தேவகன்னி எல்லாம் வருகிறதே?

ஆமாம், வாசலில் குலை தள்ளிய வாழை, கரும்பு, இளநீர், நெற்கதிர், மேலே வளைந்து தொங்கும் ஜானூர் குருத்தோலை, கீழே அதே வாசல் வழியாக நிக்காஹ் நடத்திவைக்கும் அதிகாரி உள்ளே வருகிறார். சட்டப்படி கல்யாணம் என்பது அந்த நிக்காஹ் ஒப்பந்தச் சொல்தான். அரசின் மதவிவகார அலுவலகத்தில் வேலை நேரத்தில் செய்தால் செலவில்லை, அதிகாரியை வீட்டுக்கோ மண்டபத்துக்கோ அழைத்தால் 6 லட்சம் ரூபியா கட்ட வேண்டும். மற்றதெல்லாம் ஊர் வழக்கம். ஒன்றை விட்டால்தான் மற்றதைப் பிடிக்க முடியும் என்று அவர்கள் நினைப்பதில்லை, ஒரு சிலர் நினைக்கிறார்கள், அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் முட்டை உடையாது. குடூஸ் என்று ஒரு ஊர், அங்கே 16ஆம் நூற்றாண்டில் இஸ்லாத்தைப் பரப்பிய சுனான் குடூஸ், அக்கம்பக்கத்து இந்துக்கள் மனம் நோகக் கூடாது என்று பசுவை அறுக்க வேண்டாம் என்றாராம். இன்றைக்கும் அந்த ஊர் சோத்தோ சூப்பில் எருமைக்கறிதான் பெயர்போனது.

கேள்வி: என்ன உடுத்திக்கொண்டு போவது?

பாத்திக் சட்டை. சாய்ந்த அலை அலையாக வரும் பாராங் டிசைன் மட்டும் சோலோப் பக்கத்துக் கல்யாணத்துக்கு வேண்டாம், தம்பதிக்குள் சண்டை வரும் என்று ஒரு நம்பிக்கை.

கேள்வி: மொய் உண்டா?

உண்டு. நகரத்தில் வாசலில் பெட்டி இருக்கும், கவரைப் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டால் ஒரு விசிறியோ சாவிக்கொத்தோ கொடுப்பார்கள். கிராமத்தில்தான் விஷயம் சுவாரஸ்யம். சில ஊர்களில் பத்திரிகைக்குப் பதிலாகச் சாப்பாட்டுப் பொட்டலமே வீடு தேடி வரும். சோறும் கறியும் வாங்கி வைத்துக்கொண்டால் போகாமல் இருக்க முடியாது. பெண்கள் அரிசி, சர்க்கரை, தேயிலை என்று துணியில் மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள், யார் எவ்வளவு என்று ஒரு நோட்டில் ஏறிவிடும். நோட்டைப் பற்றி நான் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பெரிய மொய் உழைப்பு. அதற்கு ரெவாங் என்று பெயர். கல்யாணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே தெருப்பெண்கள் அவரவர் கத்தியோடு வந்துவிடுவார்கள். நானும் ஒருமுறை போய் உட்கார்ந்தேன். கொல்லைப்பக்கம் தார்ப்பாய் விரித்து, முப்பது பேர் தரையில், நடுவே சின்ன வெங்காய மலை. தேங்காய் துருவக் கொடுத்தார்கள், நாலாவது மூடியில் விரலைத் துருவிக்கொண்டதும் வாங்கி வைத்துவிட்டு, தெம்பே வெட்டச் சொன்னார்கள், அதுவும் தடிமனாக வெட்டுகிறேன் என்று தீர்ப்பாகி, கடைசியில் மூங்கில் பெட்டியில் வாழையிலை விரிக்கிற வேலை. யாருக்கு எந்த வேலை என்பதை ஒரு கிழவி வாயைத் திறக்காமல் கண்ணாலேயே நடத்திக்கொண்டிருந்தார். வராதவர் யார் என்பதும் அந்தக் கண்ணுக்குத் தெரிந்திருக்கும், அடுத்து அவர்கள் வீட்டில் விசேஷம் வரும்போது அது தெரியவரும். இப்போது கேட்டரிங்காரர்களைக் கூப்பிடுவது அதிகமாகிவிட்டது. சௌகரியம்தான், ஆனால் அந்தச் சமையலில் உப்பைப் பற்றிச் சண்டை போட ஆள் இல்லை.

நான் இலை விரித்த பெட்டிக்குப் பெசெக் என்று பெயர், மூங்கில் பட்டையில் முடைந்தது. விருந்து முடிந்து போகிறவர்களுக்குச் சோறு, கறி, ஒரு துண்டு வாஜிக், வாழைப்பழம் எல்லாம் வைத்து 'பெர்காத்' என்று கையில் கொடுத்தனுப்புவார்கள், வீட்டில் இருப்பவர்களுக்காக. எனக்கு இரண்டு கொடுத்தார்கள். தனியாள் என்று சொன்னேன், தெரியும் என்றார் அந்தக் கிழவி, இரண்டாவதையும் மடியில் வைத்தார். அதில் ஒன்றில்தான் இப்போது என் சமையலறையில் சின்ன வெங்காயம் கிடக்கிறது, மூடிதான் எங்கோ போய்விட்டது.